பொட்டி ஓடுது, சூடு ஆகல

14-10-2024, திங்கள்

காலையில் அவருக்கு வெந்நீர் வைக்க மைக்ரோவேவ் பொட்டியை ஓட்டினேன். விளக்கு எரிந்தது. உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றியது. காற்றாடிச் சத்தம் கேட்டது. நேரம் முடிந்ததும் மணியும் அடித்தது. டம்ளரைத் தொட்டால் குடத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. இன்னொரு தடவை வைத்தேன். அதே கதை.

கேஸில் வைத்துக் கொடுத்தேன்.

"இன்னா இன்னிக்கு லேட்டு?" என்றார்.

"பொட்டி ஓடுது, சூடு ஆவலங்க."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேச்சு நீண்டால் அதை யார் வாங்கியது என்கிற இடத்துக்கு வந்துவிடும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மகள் ஜெயசுதா முதல் சம்பளத்தில் வாங்கியது. மலை மேலே கரியாலூரில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த மறுமாதம், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "அப்பாவுக்கு வெந்நி வெக்க நீ விடியக்காலம் எழுந்துக்காத. அவரே பட்டன அமுக்கிக்கட்டும்" என்றாள். அவர் ஒரு நாளும் அமுக்கியதில்லை. நான்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஆவணியில் அவள் அங்கேயே அந்தப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அஜய் என்று பெயர். மலைக்காரப் பையன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். சேதி வந்த அன்று பங்காளிகள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால் இவர் சொன்னார்: "இனிமே அவ இந்த வாசப்படி ஏறக்கூடாது." அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை இல்லை. போன் நம்பர் மட்டும் என் போனில் இருக்கிறது.

இன்றைய செலவு பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். முருகா.

16-10-2024, புதன்

கள்ளக்குறிச்சி போய் மிக்சி ரிப்பேர் கடை ராசுவிடம் கேட்டேன். ஆள் பொட்டியைப் பார்க்கவே இல்லை, அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"ஓடிக்கினு சூடாவலன்னா உள்ள பெரிய பாகம் போயிருக்கும்மா. சேலம் அனுப்பணும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். பழச எடைக்குப் போட்டுக்கறேன், எடுத்துக்கினு வாங்க."

எடைக்கா. என் பிள்ளை வாங்கினதை எடைக்கா. "சரிப்பா" என்று வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் நின்றது. போர்டைப் படித்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். கண்டக்டர், "கச்சிராயபாளையம், கரியாலூர், ஏறு ஏறு... எங்கம்மா போவணும்?" என்றார்.

"எங்கயும் இல்லப்பா. சும்மா."

பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

17-10-2024, வியாழன்

நாத்தனார் காசியம்மாள் வந்திருந்தார். அடுப்படி வரை வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார், வீட்டுக்கு வரி போட வந்தவர் மாதிரி.

"ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. ஆயுத பூசை நல்லாத்தான் பண்ணிக்கிற. அந்த மலைப் பொட்டிக்கு மட்டும் வெக்கல. அதுவும் நல்லதுதான்."

"ஆமாண்ணி" என்றேன்.

வைத்தேன். எங்கே வைத்தேன் என்பது முருகனுக்குத் தெரியும். மகளுக்குத்தான் மாலையும் பொட்டுமாக அனுப்பிவைக்கக் கொடுத்துவைக்கவில்லை. அவள் வாங்கினதையும் வெறும் நெற்றியாக விடுவேனா?

18-10-2024, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் பாராயணப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து நானே ஏற்றிக்கொண்டது. போனில் தமிழ் எழுத்து அடிக்கவும் நானேதான் பழகிக்கொண்டேன். இருந்தும் இன்று ஒரு வரிக்குக் காலை முழுக்கப் போய்விட்டது. "ஜெயா" என்று ஆரம்பித்தேன், அழித்தேன். "நல்லா இருக்கியா" என்று போட்டேன், அழித்தேன். நல்லா இருக்கியா என்று கேட்கிற உரிமையை ஒரு வருஷமாக எங்கே வைத்திருந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்டால்?

கடைசியில் போனது இது: "மைக்ரோவேவ் ஓடுது, சூடு ஆகல. என்ன பண்றது."

19-10-2024, சனி

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

20-10-2024, ஞாயிறு

பதில்!

"என்ன வெச்சுப் பாத்த? ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி வெச்சு ரெண்டு நிமிஷம் ஓட்டு. தொட்டுப் பாத்துச் சொல்லு."

அவ்வளவுதான். அம்மா என்று இல்லை. மேலேயும் கீழேயும் தேடிப் பார்த்தேன். போனைக் குலுக்கினால் விழுமா அது. பரவாயில்லை. தண்ணீர் வைத்து ஓட்டினேன். ஜில். "ஜில்லுன்னு இருக்குது" என்று அனுப்பினேன். "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்தது.

யோசிக்கட்டும். எனக்காக அங்கே உட்கார்ந்து ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறது.

22-10-2024, செவ்வாய்

"பவர் எவ்ளோ காட்டுது? உருக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், அது அமுங்கி இருக்கா பாரு."

இல்லை. முழுப் பவர்தான். பார்த்துச் சொன்னேன்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கும். சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடுவாங்க, அப்ப ஓட்டாத. விடியக்காலம் ஓட்டு."

எங்கள் ஊரில் எத்தனை மணிக்கு எந்தக் கொல்லையில் மோட்டார் ஓடும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

25-10-2024, வெள்ளி

விடியற்காலம் எழுந்து, கோலம் போடும் முன்பே ஓட்டிப் பார்த்தேன். ஜில். வேறு பிளக்கில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பொட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து டி.வி. பிளக்கில் மாட்டினேன். அவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னா பண்ற?"

"வேற பிளக்ல ஓடுதான்னு பாக்கறங்க."

"யார் சொன்னா?"

வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "நானேதான்" என்றேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார். பக்கம் திருப்பும் சத்தமே ரொம்ப நேரம் கேட்கவில்லை.

28-10-2024, திங்கள்

இன்று ஒரு துணிச்சல் வந்தது. பின்பக்கத்துத் தகரத்தைக் கழற்றி உள்ளே கம்பி எதுவும் விட்டிருக்கிறதா என்று நானே பார்க்கட்டுமா, ஸ்குரூ டிரைவர் இருக்கிறது என்று அவளுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அடித்த மாதிரி:

"அம்மா வேணாம். அம்மா ஸ்குரூவத் தொடாத. பிளக்க புடுங்கினாலும் உள்ள கரண்ட் நிக்கும். ஆளையே அடிச்சுப் போட்டுடும். தொட மாட்டேன்னு சொல்லு."

"தொடமாட்டேன்" என்று அனுப்பினேன்.

"சாமி மேல சத்தியமா?"

"முருகன் மேல சத்தியமா."

அம்மா என்று இரண்டு தடவை போட்டிருக்கிறாள். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன். குழம்பு அடி பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.

31-10-2024, வியாழன், தீபாவளி

முறுக்கு சுட்டேன், அதிரசம் சுட்டேன். யாருக்கு? பெரிய சம்புடத்தில் போட்டு மூடிவைத்தேன்.

மத்தியானம் அவளாக ஒரு வரி அனுப்பினாள். "பால் வெச்சுப் பாத்தியா? பால் சீக்கிரம் சூடாகும்." வைத்தேன், ஆகவில்லை என்றேன். அப்புறம், என்னமோ தோன்றி, "நீ பால் குடிக்கிறியா" என்று கேட்டேன். பொட்டியைப் பற்றி இல்லாமல் நான் கேட்ட முதல் கேள்வி.

"இப்ப பால் வாசனையே ஆகலம்மா. வாந்தி வருது."

பால் இல்லாமல் தூங்காத பிள்ளை அவள். பால் வாசனை ஆகவில்லை என்றால் —

கேட்கட்டுமா? அவளாகச் சொல்லாததை நான் எப்படிக் கேட்பது? எந்த முகத்தோடு? "இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்று மட்டும் போட்டேன். அவள் "ம்" என்றாள். புரிந்துகொண்டேன் என்று அவளுக்கும் புரிந்திருக்கும்.

வெளியே பிள்ளைகள் வெடி வெடிக்கிறார்கள். அவரிடம் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி அதிரசத்துக்கு எண்ணெய் வடிப்பாள்.

4-11-2024, திங்கள்

சஷ்டி விரதம், மூன்றாம் நாள். ஒரு வேளை பாலும் பழமும். இந்த வருஷம் யாருக்காக இருக்கிறேன் என்று சாமிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டலாமா என்று காலையிலிருந்து நினைப்பு. என் பெயரே அந்த முருகன் பெயர்தானே, கொளஞ்சியம்மாள். நமக்கு யாரால் என்ன குறை என்று மனுவாக எழுதிச் சன்னதியில் கட்டிவிட்டால் அவர் விசாரித்துத் தீர்ப்பார் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் போவார்கள். காகிதம் எடுத்து, மனுதாரர் கொளஞ்சியம்மாள் என்று எழுதினேன். எதிரி யார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இவர் பெயரையா எழுதுவேன்? சொன்ன சொல்லை விடமுடியாமல் ஒரு வருஷமாக அரை வயிறு சாப்பிடுகிற மனுஷன். அவள் பெயரையா? வயிற்றுப் பிள்ளைக்காரி. அந்தப் பையன் பெயரையா? அவன் எனக்கு என்ன பண்ணினான்? கட்டிக்கொண்டான், வைத்துக் காப்பாற்றுகிறான். அன்றைக்கு வாசலில் பங்காளிகளுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்ற ஒருத்தி உண்டு. அவள் பெயர்தான் மேலேயே இருக்கிறது.

காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

8-11-2024, வெள்ளி

முருகா, இது என்ன விளையாட்டு.

விரதம் முடித்து இன்று அடுப்படி கழுவினேன். பொட்டியின் கதவைத் திறந்து ஓரம் துடைக்கும்போது கையில் மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. பார்த்தால் சந்தனம்! நான் வைத்த சந்தனம்!

ஆயுத பூஜையன்று பொட்டியின் முகத்தில் வைத்தால் அவர் கண்ணில் படும், நாத்தனார் கண்ணில் படும் என்று, கதவைத் திறந்து உள் விளிம்பில், கதவின் கொக்கி போய் மாட்டுகிற ஓட்டைப் பக்கம், தளதளவென்று ஒரு பொட்டு வைத்து மேலே குங்குமம் வைத்தேன். அது வழிந்து ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டிருக்கிறது. இரண்டு கொக்கியில் ஒன்று முழுசாக உள்ளே போகவில்லை. தட்டு சுற்ற ஒரு கொக்கி போதும், சூடு ஆக இரண்டும் மாட்ட வேண்டும் போல. பூஜைக்குப் பிறகு இரண்டு நாள் கரண்ட் ஒழுங்காக இல்லையென்று நான் பொட்டியைத் தொடவே இல்லை, அதனால் எப்போது வந்த வினை என்றும் தெரியாமல் போயிற்று.

பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்குரூவைத் தொடவில்லை, சத்தியம் இருக்கிறது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, தென்னங்குச்சியால் ஓரத்தை மட்டும் சுரண்டி எடுத்தேன். நன்றாகக் காயவிட்டுக் கதவைச் சாத்தினேன். டக்கென்று இரண்டு சத்தம். முன்னெல்லாம் ஒரு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

தண்ணீர் வைத்தேன். இரண்டு நிமிஷம். ஆவி பறக்கிறது. டம்ளரைத் தொட முடியவில்லை.

ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். "சரியாயிடுச்சு" என்று அடித்துவிட்டேன். அனுப்பப் போகிற நேரத்தில் விரல் நின்றது.

சரியாகிவிட்டால் நாளைக்கு எதைச் சாக்கிட்டுப் பேசுவது?

9-11-2024, சனி

"இன்னிக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருந்தாள்.

"அப்படியேதான் இருக்குது" என்று அனுப்பிவிட்டேன்.

விரதம் முடித்த மறுநாளே பொய். சாமி விளக்கில் திரியைத் தூண்டும்போது படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அனுப்பினதை அழிக்கவில்லை.

16-11-2024, சனி

அவருக்கு வெந்நீர் இன்னும் கேஸில்தான். பொய்யென்று வந்துவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்.

ஜெயாவும் விடவில்லை. தட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார் என்றாள். மண் டம்ளரில் வைத்துப் பார் என்றாள். பொட்டியைக் கிழக்கு பார்த்துத் திருப்பி வைத்துப் பார் என்று நேற்று சொன்னாள். மிஷினுக்கு ஏது கிழக்கு மேற்கு? நர்ஸுக்குப் படித்த பிள்ளை, காரணம் இருக்கும் என்று திருப்பி வைத்தேன். "வெச்சிட்டேன், ஆகல" என்றேன். "அப்ப வடக்கு பாத்து வெய்யி" என்றாள்.

நடுநடுவே: காலையில் என்ன சாப்பிட்டாய். சாமைச் சோறு. வாந்தி? கம்மிதான். கால் வீங்குதா? அதுக்கு இன்னும் நாள் இருக்கும்மா. இப்படி, திசைக்கு நடுவில்.

23-11-2024, சனி

இன்று அவள் மாமியார் பேசிக் குரல் பதிவு வந்தது. வெள்ளச்சி என்று பெயராம். மலையே திரும்பிக் கத்துகிற மாதிரி குரல்.

"சம்பந்தியம்மா, நான்தான் வெள்ளச்சி பேசறேன். உங்க பொண்ணு எந்நேரமும் போனு கையுமா குந்திக்கினு, எங்கம்மா பொட்டி சூடாவல, எங்கம்மா பொட்டி சூடாவலன்னு சொல்லினே இருக்குது. எங்க வூட்ல மூணு கல்லு அடுப்புதான், தினம் சூடாவுது. பொட்டிய விட்டுட்டு ஒரு நாளு நீங்க வாங்க. பொண்ணு வாயும் வயிறுமா இருக்குது, பெத்தவ கையால ஒரு வாய் திங்கணும்னு ஆசப்படுது. அது சொல்லாது. நான் சொல்றேன். வெச்சிடறேன், இது எப்பிடி நிக்குதுன்னு தெரியல, டேய் அஜயி, இத நிறுத்துடா..."

கொல்லைக்குப் போய் மாட்டுப் பக்கத்தில் நின்று மறுபடி கேட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது. மாடு என் தோளை நக்கிவிட்டது.

30-11-2024, சனி

புயல். காலையிலிருந்து மழை நிற்கவில்லை. கரும்பு சாய்ந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது. "பத்திரமா இரு" என்று அனுப்பினது ஒரு டிக்கோடு நிற்கிறது.

2-12-2024, திங்கள்

ஒரே டிக். மலையில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

முருகா முருகா முருகா.

4-12-2024, புதன்

அவர் காலையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். கரும்பு பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் முழுக்க நனைந்து வந்தார். துவட்டத் துண்டு கொடுத்தேன்.

"கச்சிராயபாளையம் வரிக்கும்தான் பஸ்ஸு போவுதாம். மேல மரம் விழுந்து கெடக்குதாம். ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னு கண்டக்டரு சொன்னான்."

நான் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் யாருக்கு என்ன வேலை என்றும் கேட்கவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி. சும்மா இருந்தார்.

5-12-2024, வியாழன்

கரண்ட் வந்தது. போனில் கோடு ஏறியது. கையில் வைத்துக்கொண்டு, என்ன அனுப்புவது, யாரும் பதில் சொல்லாமல் போய்விட்டால் என்ன பண்ணுவது என்று உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரில் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளேன்."

"இன்னாத்த?"

"அந்தப் பொட்டிக்கு இன்னா பண்ணணும்னு கேளு. அஞ்சாறு நாளா கேக்காம இருக்கிறியே."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"உங்களுக்கு... எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாது. பொட்டி எட்டுத் திசையும் சுத்திக்கினு இருக்குது. நீ மாட்டுக்குத் தீனி வெக்கப் போனப்ப நானே பட்டன அமுக்கித் தண்ணி வெச்சேன். வாயில ஊத்திக்கினு நாக்கு பொத்துப் போச்சி. ரெண்டு நாளு ஊறுகாய் திங்க முடியல."

"எப்ப?"

"ஐப்பசியிலயே."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஆன புதுசில் கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அப்புறம் நான் அடித்தேன்: "பொட்டி இன்னும் சூடாகல. நீ நல்லா இருக்கியா." அவர் எட்டிப் பார்த்து, "ம், போடு" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பதில் வந்தது. "நல்லா இருக்கோம்மா. சிக்னல் இல்ல. ஒரு பிரசவ கேசுக்கு மரத்த வெட்டிக்கினே போனாரு அவரு, மறுநாள்தான் வந்தாரு. நான் பயந்துட்டேன். பொட்டிய ஈரத்துல ஓட்டாத."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்த மழையிலயா வண்டி எடுத்தான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிரசவம் நல்லபடியா ஆச்சாமா?" என்றார். கேட்டேன். பெண் குழந்தையாம், தாயும் நலமாம். "ம்" என்றார். அப்போதுதான் சொன்னேன், நம்ம பிள்ளையும் உண்டாகியிருக்கிறது என்று. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. தொட்டி மழையிலேயே நிறைந்து வழிந்துகொண்டுதான் இருந்தது.

13-12-2024, வெள்ளி, கார்த்திகை தீபம்

வாசல் நெடுக விளக்கு. படியிலும் வைத்தேன். அவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

15-1-2025, புதன், மாட்டுப் பொங்கல்

காசியம்மாள் அண்ணிக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது. மாட்டுக்குப் படையல் போடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, உன் பொண்ணுக்கு அஞ்சாம் மாசம் வரப்போவுதாமே. அஞ்சு சோறு கட்டிக் குடுக்கறது பொறந்த வூட்டு மொறயாச்சே, அவள இங்க கூப்புடப் போறீங்களோ? பங்காளிங்க முன்னால வாக்குக் குடுத்திருக்கிற நீ. நான் வேற என் பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்கறேன், பாத்துக்க."

அவர் மாட்டுக் கொம்பில் சலங்கையைக் கட்டிக்கொண்டே, அவசரமே இல்லாமல் சொன்னார்:

"அவ இந்தப் படி ஏறக்கூடாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்க்கா. நான் மலை ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

"நீ இன்னாத்துக்கு ஏறப் போற?"

"பொட்டி ஒண்ணு ரிப்பேரு. மலையில ஒரு ஆளு நல்லா பாக்கறாங்களாம்."

"டவுன்ல ஆவாதது மலையில ஆவுதா?"

"ஆவுதாம்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

26-1-2025, ஞாயிறு

போய் வந்தோம்.

விடியற்காலம் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். வளையலும் பூவும் ஒரு பையில். பொட்டியை அவருடைய வெள்ளை வேட்டியில் மூட்டை கட்டினார். பஸ்ஸில் சீட்டின் கீழே வைக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். புயலில் சாய்ந்த மரங்களை வெட்டிப் பாதை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்கையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் நின்றிருந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். வயிறு தெரிகிறது. அவளுக்கும் அவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூட்டையைப் பார்த்து, "ரொம்பக் குலுங்கிச்சாப்பா?" என்றாள்.

"இல்ல. மடியிலதான் வெச்சினு வந்தேன்."

"பொட்டிய எறக்கிட்டு மூஞ்சியப் பாருங்க சம்பந்தி!" என்று வெள்ளச்சியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான ஆள். அந்தக் குரலுக்கு நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். அஜய் பொட்டியை வாங்கக் கை நீட்டினார். இவர் உடனே விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பாத்து. கனம்" என்றார் இவர். "சரிங்க மாமா."

ஜெயா கதவைத் திறந்து துடைத்தாள். கொக்கி ஓட்டைப் பக்கம் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சோற்று மூட்டையை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

தண்ணீர் வைத்து ஓட்டினாள். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆவி அவள் முகத்திலேயே அடித்தது. எல்லாரும் பார்த்தோம். அவர் எழுந்து போய்த் துண்டால் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ம்ஹூம். பத்தல. வெதவெதன்னுதான் இருக்குது" என்றார்.

வெள்ளச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அஜய், "அப்ப இங்கயே இருக்கட்டும் மாமா, பாத்து வெக்கிறோம்" என்றார். ஜெயா அவள் அப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கி ஊதி ஊதி ஆற்றினாள்.

ஐந்து சோறும் என் கையால் ஊட்டினேன். தயிர்ச் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

27-1-2025, திங்கள்

அடுப்படி மேடையில் பொட்டி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஒன்றும் வைக்கவில்லை.

4-2-2025, செவ்வாய்

கேஸில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி வந்தது.

"அம்மா, இங்கயும் பொட்டி ஓடுது, சூடு ஆகல. நாங்களும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம். அப்பா வந்து பாத்தாத்தான் தெரியும் போல."

அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து வெச்சிருக்காங்களாம்?" என்றார். கேட்டு அனுப்பினேன், பதில் வந்தது.

"தெக்காம்."

"அதான். நேர்ல பாத்தாத்தான் ஆவும். என்னிக்கு வரச் சொல்றா?"

"ஞாயித்துக்கிழமன்னு போட்டிருக்கா."

அதற்குள் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். இன்று செவ்வாய்க்கிழமைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.